டத்தோவின் ஏப்பம்

பை பாதிதான் எழும்பியிருந்தது.

காலையில் கொட்டகைக்கு வந்தால் தினேஸ்வரி முதலில் மாட்டைப் பார்ப்பதில்லை. பையைத்தான் பார்ப்பாள். ஈப்போவில் லாரிகளுக்குக் கூடாரத் துணி ஒட்டும் கடையில் சூடு வைத்து ஒட்டி வாங்கிய பை. ஒரு படகு நீளம் இருக்கும். கொட்டகைக்குப் பின்னால் வெட்டிய குழியில் படுத்துக்கிடக்கும். ஒரு முனையில் சாணியும் தண்ணீரும் கரைத்து ஊற்ற வேண்டும். மறு முனையில் வாடை போன கரைசல் வழிந்து புல்லுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே, மேலே, எரிவாயு சேரும். ஒரு குழாய் அதை அவளுடைய அடுப்புக்குக் கொண்டுவரும்.

கையை வைத்து அமுக்கினாள். பை தொளதொளவென்று உள்ளே போனது.

"நேத்து மாதிரியேதான் இருக்கு" என்றாள்.

"பைய கிள்ளிக்கிட்டே இருந்தா ஊதிருமா?" என்றான் அவள் கணவன் சுரேன். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். கிளம்பும் அவசரத்தில் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு பேசினான். "விடு. எரியுதுல்ல?"

எரிந்தது. அதில் குறையில்லை. பாலைக் காய்ச்சித்தான் விற்பாள். முதல் பானைப் பால் காயும். இரண்டாவது பானை ஆவி விடத் தொடங்கும்போது நெருப்பு சிறுத்து, நீலம் வெளிறி, அணைந்துபோகும். மூன்றாவது பானைக்குக் கடையில் வாங்கும் கேஸ் தோங்தான்.

அவளுக்கு மூன்று பானையும் காய வேண்டும்.

சொன்னவர் சதாசிவம். செம்பனைத் தோட்டத்தின் மேனேஜர். பீடோருக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம் நின்ற அந்தத் தோட்டத்தை ஒட்டி தினேஸ்வரிக்கு இரண்டு ஏக்கர் சொந்தமாக உண்டு. இரண்டு ஏக்கரில் பதினெட்டு மாடு பிழைக்காது. பகல் முழுதும் அவை செம்பனைக்கு அடியில் மேயும். புல் குறைவதால் தோட்டத்துக்கும் லாபம். ராத்திரிக்குக் கொட்டகை. கொட்டகைச் சாணியை அவள் ஓரமாகக் குவித்து வைத்திருந்தாள். போன மழைக்குக் குவியல் கரைந்து வாய்க்காலில் இறங்கியது. வாய்க்கால் கீழே இருந்த தாமான் குடியிருப்புக்குப் போனது. தாமான்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தார்கள். வீடியோ சதாசிவத்தின் மேலதிகாரி வரை போய்விட்டது.

"சாணிக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார் சதாசிவம். குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். அதனால்தான் பயம். அவள் பையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"இது விளையாட்டுச் சாமானா, வேலை செய்யுற சாமானா?"

"வேலை செய்யும் சார்."

"அப்படின்னா திருவிழா முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு வாரேன். உங்க காலைப் பால் முழுக்க இந்த அடுப்புல காயட்டும். காஞ்சா, மேய்ச்சல் இருக்கு. பாதியில நின்னா, மீதிச் சாணி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். வேலிய மூடிருவேன்."

வேலியை மூடினால் மாட்டை விற்க வேண்டும். வாங்க ஆளும் தயார். பீடோரில் உணவகம் வைத்திருக்கும் ஜைனுலாப்தீன், பால் எடுக்க வரும் ஒவ்வொரு காலையும் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவருவார்.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு டத்தோவை எனக்கே குடுத்துரு தங்கச்சி."

டத்தோ என்பது காளை. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கு இருப்பது போன்ற தொந்தியைப் பார்த்து வைத்த பெயர்.

"டத்தோ மேல கண்ணு வைக்காதீங்க பாய். எரியுற அடுப்புல தண்ணிய ஊத்துற மாதிரி பேசுறீங்க."

"எரிஞ்சாத்தானே ஊத்த முடியும்?" என்று சொல்லிவிட்டு அவர் வேனைக் கிளப்பினார். அவர் போன பிறகும் அவர் சிரிப்பு கொஞ்ச நேரம் கொட்டகையில் இருந்தது.

சாணி போதவில்லை. அதுதான் சங்கதி. மாடு பகலில் மேயும் இடத்திலேயே பாதிக்குமேல் போட்டுவிட்டு வரும். அவளுக்குக் கிடைப்பது ராத்திரிச் சாணி மட்டும். செம்பனைக்கு அடியில் தள்ளுவண்டியோடு அலைந்து பார்த்தாள். முதுகு போனதுதான் மிச்சம்.

*

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில், தீர்த்தம் கிளம்பும் நேரம் பார்த்து மழை கொட்டியது. ஈப்போவிலிருந்து வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. வந்தவர்களும் கை நனைக்காமல் காருக்கு ஓடினார்கள். மறுநாள் காலையில் தினேஸ்வரியின் அண்ணன் அர்ச்சுனன் வேனைக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி, பின்கதவைத் திறந்தான். கோயில் சமையல் அவன் பொறுப்பு. உள்ளே மூன்று அண்டா. சர்க்கரைப் பொங்கல், பாயசம், சோறு.

"இத என்னண்ணே செய்யுறது?"

"அதத்தான் நானும் ராத்திரி பூரா யோசிச்சேன். சாமிக்குப் படைச்சது. குப்பையில போட முடியாது. கால் படுற இடத்துல கொட்ட முடியாது. ஆத்துல விடலாம்னா, தாமான்காரன் போனைத் தூக்கிக்கிட்டு வந்துருவான். மாட்டுக்குப் போடலாம்."

"இவ்வளவையுமா? செத்துரும்."

"மாடு செத்துரும்." அர்ச்சுனன் பையைப் பார்த்தான். "அது?"

தினேஸ்வரியும் பையைப் பார்த்தாள்.

சாணியே எரிகிறது. நெய்யும் வெல்லமும் போட்ட பொங்கல் எரியாதா?

"மாட்டு வயித்துல போனா என்ன, மாட்டுச் சாணி வயித்துல போனா என்ன? எல்லாம் கோமாதாதானே" என்றான் அர்ச்சுனன். "புண்ணியம் புள்ள. மாரியாத்தா கேஸ்."

"கால் படாத இடம்தான்" என்றாள் அவள்.

"கை கூடப் படாது."

அவளே மூடியைத் திறந்தாள். அவளே தண்ணீர் ஊற்றிக் கரைத்தாள். பொங்கல் கட்டி கட்டியாக உள்ளே போனது. முந்திரிப் பருப்பு மிதந்தது. பாயசம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூன்றாவது அண்டாவை அர்ச்சுனன் கவிழ்த்தபோது இருவரும் தேர் இழுத்தவர்களைப் போல வியர்த்திருந்தார்கள். பாயச அண்டாவில் ஒட்டியிருந்ததையும் பொங்கல் அண்டாவின் அடியில் தங்கியிருந்ததையும் டத்தோ வேனுக்குள் தலையை விட்டு நக்கியது. அர்ச்சுனன் தடுக்கவில்லை.

"அதுவும் திருவிழாவுக்கு வந்த சனம்தான்" என்றான்.

*

மறுநாள் காலை சுரேன் கத்தியது தாமான் வரை கேட்டிருக்கும்.

"தினா! ஓடியா! பைய பாரு!"

பை எழும்பி நின்றது. மடிப்பு ஒன்றுகூட இல்லை. குழியின் விளிம்பைத் தாண்டி, திமிங்கலம் போல, வெயிலில் பளபளவென்று. சுரேன் உள்ளங்கையால் அடித்தான். டும் என்றது. மறுபடி அடித்தான். தவில் மாதிரிக் கேட்டது.

தினேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வருவது என்று இரண்டும் முட்டிக்கொண்டன. அர்ச்சுனனுக்குப் போன் போட்டாள். அவன் பாதி சவரத்தோடு வந்தான். வந்த வேகத்தில் பையைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டான்.

"நான் சொல்லல? மாரியாத்தா கேஸ்! மூணு பானை என்ன, முப்பது பானை காச்சலாம்!"

பால் எடுக்க வந்த ஜைனுலாப்தீன் வாயில் சுருட்டோடு நின்று பார்த்தார்.

"யா அல்லா. வெடிச்சிராதே?"

"சுருட்ட அணைங்க பாய் முதல்ல!"

அவர் அணைத்தார். தினேஸ்வரி மூன்று பானைகளையும் அடுப்புப் பக்கம் வரிசையாக வைத்தாள். முதல் பானையை ஏற்றினாள். குழாயைத் திறந்தாள். புஸ்ஸென்று வந்தது. இவ்வளவு வேகமாக அது வந்ததே இல்லை. சுரேன் லைட்டரைத் தட்டினான்.

லைட்டர் அணைந்தது.

மறுபடி தட்டினான். ஒரு சிறு மஞ்சள் துணுக்கு துள்ளிவிட்டுச் செத்தது. புஸ்ஸென்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"குழாயில தண்ணி நிக்கும்" என்றான் சுரேன். குழாயைக் கழற்றி உதறினான். ஒரு சொட்டு வந்தது. மாட்டினான். தட்டினான். அணைந்தது.

"காத்து" என்றான் அர்ச்சுனன். கதவைச் சாத்தினான். தட்டினார்கள். அணைந்தது.

ஜைனுலாப்தீன் மூக்கைச் சுளித்தார். "என்ன தங்கச்சி, புளிச்ச மாவு வாடை வருது?"

பை வெளியே கொழுத்துக் கிடந்தது. தினேஸ்வரி குழாயை மூடினாள். ஏற்றிய பானையை இறக்கினாள். இருந்த கொஞ்ச நெருப்பையும் அவளே கொன்றுவிட்டாள். இனி ஒரு பானைகூட இல்லை.

அப்போதுதான் கொட்டகையில் டத்தோ முனகியது.

*

டத்தோ நிற்க முடியாமல் நின்றது. இடது பக்கம் முதுகெலும்புக்கு மேலே வீங்கியிருந்தது. சுரேன் ஓடிப்போய் விரலால் தட்டினான்.

டும்.

"உப்பிருச்சு! என்ன தின்னுச்சு இது?"

அர்ச்சுனன் தலையைச் சொறிந்தான். "கொஞ்சம்தான் மச்சான். அண்டா அடியில இருந்தது."

"கொஞ்சமா! உன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா? கல்யாணத்துல கொஞ்சம் தண்ணி போட்டுக்கிட்டு வந்த ஆள்தானே நீ? பாய், உங்க வேன்ல சோடா மாவு இருக்கா?"

ரொட்டி சுடும் உணவகக்காரர் வேனில் இல்லாமல் இருக்குமா? ஒரு டப்பா வந்தது. சுரேன் தண்ணீரில் கரைத்து, சமையல் எண்ணெய் கலந்து, போத்தலில் ஊற்றினான். அர்ச்சுனன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தினேஸ்வரி தாடையைத் தூக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பிறகு நால்வரும் அதைச் சரிவில் மேலும் கீழும் நடத்தினார்கள். ஜைனுலாப்தீன் பின்னாலிருந்து தள்ளினார்.

"நட ராசா நட. பெருநாள் வரைக்குமாவது இரு."

"பாய்!"

"சும்மா சொன்னேன்லா."

தினேஸ்வரி அதன் முகத்தருகே நடந்தாள். சரிவின் மேலே வந்ததும் டத்தோ நின்றது. கழுத்தை நீட்டியது. ஏப்பம் விட்டது. நீண்ட ஏப்பம். அவள் முகத்துக்கு நேரே.

புளிச்ச மாவு வாடை.

அவள் அசையாமல் நின்றாள். மறுபடியும் ஓர் ஏப்பம். அதே வாடை. சற்று முன் அடுப்பில் வந்த வாடை. ஐயோ, அதேதான்.

"சுரேன்!"

"என்ன? உதைச்சிருச்சா?"

"இது எதுனால உப்புச்சு?"

"சோறு தின்னு. மாட்டு வயிறு புல்லுக்குத்தான். சோறும் வெல்லமும் சேர்ந்து போனா உள்ள புளிச்சிரும். வெறும் காத்து கட்டும்."

"வெறும் காத்து. எரியாத காத்து."

சுரேன் அவளைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான்.

"பைக்குள்ள இருக்கிறது மாட்டு வயித்துல இருந்து வந்ததுதானே" என்றாள் அவள். வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. "டத்தோ வயித்துல இருக்கிற அதே பூச்சிதான் பையிலயும் வேலை செய்யுது. நாம அதுக்கும் பொங்கல் போட்டுட்டோம். பைக்கு செரிக்கல. அவ்வளவுதான்! செத்துப் போகல. வயித்து வலி!"

"அப்ப பைக்கு சோடா குடுக்கப் போறியா?" என்றார் ஜைனுலாப்தீன்.

"ஆமா பாய்!"

அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பையின் நீளத்தைப் பார்த்தார். "என் கடை பூரா குடுத்தாலும் பத்தாதும்மா."

"வேற எது புளிப்ப முறிக்கும்?"

நால்வரும் யோசித்தார்கள். ஜைனுலாப்தீன் மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். யோசிக்கும்போது போடுகிற பழக்கம். விரல் நுனியில் வெள்ளையாக எடுத்து வெற்றிலையில் தடவினார். சுரேன் அந்த விரலையே பார்த்தான்.

"சுண்ணாம்பு" என்றான். "மச்சான், ஈப்போகிட்ட குனோங் ராபாட்! அங்க மலையே சுண்ணாம்புதானே!"

"நம்ம லாரிக்காரன் சன்னாசி அங்கதானே கல்லுத்தூள் ஏத்துறான்?" என்றான் அர்ச்சுனன்.

"போனைப் போடு!"

*

சுரேன் மாலையில் திரும்பிவந்தான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. லாரியில் கல்தூள் மூட்டைகள்.

"மாப்பிள்ளை திருநீறு பூசிக்கிட்டு வந்திருக்காரு" என்றான் அர்ச்சுனன். "எந்த ஊரு சாமியாரு?"

"உன் பொங்கலால வந்த கோலம். வந்து மூட்டைய இறக்கு."

அதற்குள் தினேஸ்வரி பீடோருக்குப் போய், வளர்ப்பு மீன் விற்கும் கடையில் தாள் வாங்கி வந்திருந்தாள். மீன் தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் தாள். புளிப்பானால் மஞ்சள், சரியானால் பச்சை. பையின் மறு முனையில் வழியும் கரைசலில் நனைத்தாள். எலுமிச்சைப் பழ மஞ்சள். அதைப் பார்த்து அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. வியாதி என்னவென்று தெரிந்துவிட்டது.

முதலில் பைக்கு ஏப்பம். ஆள் யாரும் கிட்டே நிற்காமல், கொட்டகைக்கு வெளியே குழாயைத் திறந்துவிட்டாள். புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. திமிங்கலம் மெல்ல மெல்லப் படுத்தது. ஜைனுலாப்தீன் மட்டும் தூரத்தில் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

"அதான் எரியலியே தங்கச்சி. பத்த வச்சா என்ன?"

"எரியாதப்ப எரிஞ்சு தொலையும் பாய். அதுதான் அது குணம்."

பிறகு பத்தியம். பைக்குச் சாப்பாடு நின்றது. ராத்திரிச் சாணியை மூட்டையாகக் கட்டி, காய்ந்ததும் எருவாகட்டும் என்று மழை படாமல் கூரைக்கு அடியில் அடுக்கினார்கள். கல்தூளைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சமாக ஊற்றி, தாளை நனைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம். டத்தோவுக்கும் காய்ந்த புல் மட்டும்தான். அது அண்டாவைத் தேடி வேன் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் அது அசைபோட ஆரம்பித்தது. தினேஸ்வரி பைக்குப் போய் தாளை நனைத்தாள். மஞ்சள்தான். ஆனால் வேறு மஞ்சள்.

"கொஞ்சம் பச்சை தெரியல?"

சுரேன் வெயிலில் பிடித்துப் பார்த்தான். "நீ ஆசைப்படுற பச்சை."

அடுத்த நாள் அவனுக்கும் தெரிந்தது.

பச்சை வந்த பிறகு அவள் டத்தோவின் புதுச் சாணியை ஒரு வாளி ஊற்றினாள். சுடச்சுட. மறுநாள் இரண்டு வாளி. பை முனகுவது போல ஒரு சத்தம் கேட்டது. குமிழி. அவள் காதை வைத்துக் கேட்டாள். ஓடிப்போய் சுரேனின் கையைப் பிடித்து இழுத்துவந்து அவனுடைய காதையும் வைத்தாள்.

"பிள்ளை உதைக்குதா?" என்றான் அவன்.

அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அன்றைக்கே அடுப்பைத் திறந்து லைட்டரைத் தட்டினார்கள். நீலம். விரல் உயரம். நின்றது. ஒரு பானை காய்ந்தது. இரண்டாவதில் ஆவி வந்தபோது அணைந்தது.

பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார்கள். சதாசிவம் வர ஐந்து நாள் இருந்தது. சாணி போதவில்லை. இனி பொங்கலும் கிடையாது.

*

மத்தியானம் அவள் செம்பனைக்கு அடியில் போய் நின்றாள். வெயில் ஏறியதும் மாடுகள் மேய்ச்சலை விட்டு நிழலில் படுத்திருந்தன. அசைபோட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்ந்ததும் ஒன்று எழுந்தது. பின்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. வாலைத் தூக்கியது.

தொப்.

அடுத்தது எழுந்தது. தொப். அடுத்தது. அவள் கண்ணெதிரில் மூன்றாவது பானை செம்பனைக்கு அடியில் வரிசையாக விழுந்துகொண்டிருந்தது.

படுத்து எழுந்தால் போடும். எங்கே படுக்கிறதோ அங்கே போடும்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். உண்மையாகவே ஓடினாள், செருப்பு ஒன்று வழியில் போய்விட்டது.

"உப்பு வேணும்!"

அர்ச்சுனன் சமையலறையில் சோறு தின்றுகொண்டிருந்தான். "குழம்புல சரியாத்தானே இருக்கு?"

"மாட்டுக்குண்ணே! மத்தியானம் கொட்டகையில வந்து படுக்கணும். சும்மா கூப்பிட்டா வருமா? உப்புக்கட்டி கட்டித் தொங்கவிடுவோம். தொட்டி நிறைய தண்ணி. கூரைக்கு மேல ஓலை போட்டு நிழல். நக்கிட்டுப் படுக்கும். எந்திரிச்சா..."

"தொப்" என்றான் அர்ச்சுனன். சோற்றை அப்படியே விட்டு எழுந்தான்.

முதல் நாள் சுரேன் லாரியை நிறுத்திவிட்டுப் பதினெட்டையும் மத்தியானத்தில் ஓட்டி வந்தான். மாடுகள் இதென்ன புது வழக்கம் என்பதுபோல முறைத்தன. உப்பைக் கண்டதும் முறைப்பு நின்றது. இரண்டாம் நாளும் ஓட்டித்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் சுரேன் மத்தியானம் போகவில்லை. தினேஸ்வரி கொட்டகை வாசலில் நின்றாள். செம்பனை வரிசைகளில் ஒன்றும் அசையவில்லை. வெயில் தலையில் இறங்கியது. அவள் நகத்தைக் கடித்தாள்.

ஒரு தொந்தி தெரிந்தது.

டத்தோ வந்தது. அவசரமில்லாமல், திறப்பு விழாவுக்கு வருகிற டத்தோவைப் போல. பின்னால் ஒன்று, இரண்டு, நான்கு. எல்லாம்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு மாட்டுக்குத் தெரியுது பாரு" என்றான் அர்ச்சுனன். "மனுசனுக்குத்தான் தெரியல."

"யாரண்ணே சொல்ற?"

"பொங்கல் போட்ட எனக்கு ஒரு நன்றி சொன்னியா நீ?"

அன்று சாயங்காலம் வாளிகள் இரட்டிப்பாயின. காலையில் பை குழி விளிம்புக்கு வந்திருந்தது. அவள் அமுக்கிப் பார்த்தாள். திருப்பித் தள்ளியது. தாளை நனைத்தாள். பச்சை.

*

சதாசிவம் சொன்ன நாளில் காலையில் வரவில்லை. தினேஸ்வரி கறந்த பாலை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அடுப்பைத் தொடவில்லை. சோதித்துப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. இருக்கிற வாயுவை வீணாக்க அவள் தயாரில்லை. எரியுமா, எவ்வளவு நேரம் எரியும், யாருக்கும் தெரியாது. ஜைனுலாப்தீன் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, தேயிலைச் சாறும் இரண்டு நீண்ட குவளைகளும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எதுக்கு பாய்?"

"எரிஞ்சா தே போடலாம். எரியலன்னா மாட்டைப் பார்க்கலாம். எனக்கு ரெண்டும் லாபம்."

உச்சி வெயிலில்தான் ஜீப் சத்தம் கேட்டது. வரும் சத்தம் பாதி வழியில் நின்றது. தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். தோட்டத்துச் சாலையில் ஜீப் நின்றிருந்தது. அதற்கு முன்னால் டத்தோவும் அதன் கூட்டமும் வரிசையாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. ஓட்டுகிறவன் இல்லை. நாய் இல்லை. சதாசிவம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடைசி மாடு போகும்வரை பார்த்தார்.

இறங்கி வந்ததும் கேட்டார். "யாரு ஓட்டுறா?"

"அதுங்களா வருது சார். மத்தியானம் இங்கதான் படுக்கும். உங்க வாய்க்கால் பக்கம் போறதில்ல."

சதாசிவம் கொட்டகையை ஒரு சுற்று வந்தார். சாணிக்குவியல் இருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. மூலையில் வெள்ளை மூட்டைகள்.

"சுண்ணாம்பு எதுக்கு?"

சுரேன் தொண்டையைக் கனைத்தான். அர்ச்சுனன் கூரையைப் பார்த்தான்.

"பைக்கு வயித்து வலி வந்துச்சு சார்" என்றாள் தினேஸ்வரி. "நான்தான் பொங்கல் போட்டேன். செரிக்கல."

சதாசிவம் அவளைப் பார்த்தார். அவர் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. இப்போதும் சிரிக்கவில்லை. மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"சரி. பத்த வைங்க."

அவள் குழாயைத் திறந்தாள். சுரேனின் கையிலிருந்து லைட்டரை வாங்கி அவளே தட்டினாள்.

நீலம். வட்டமாக, பல்வரிசைபோல, சத்தமில்லாமல்.

முதல் பானை ஏறியது. பால் ஓரத்தில் நுரைத்தது, நடுவில் எழும்பியது. இறக்கினாள். இரண்டாவது ஏறியது. ஆவி வந்தது. இதுதான் இடம். இந்த இடத்தில்தான் எப்போதும் அணையும். அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டான். ஜைனுலாப்தீன் உதடு அசைந்தது, அவர் யாரைக் கூப்பிட்டாரோ. நெருப்பு நின்றது. பால் பொங்கியது. இறக்கினாள்.

மூன்றாவதை ஏற்றினாள்.

ஜைனுலாப்தீன் பொறுக்க மாட்டாமல் இரண்டாவது பானையிலிருந்து பாலை மொண்டு தேயிலைச் சாற்றில் ஊற்றினார். குவளைக்குக் குவளை மாற்றி, தலைக்கு மேலே தூக்கி, இழுத்து ஆற்றினார். நுரை நின்றது. சதாசிவத்திடம் நீட்டினார்.

சதாசிவம் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"வாடை ஒண்ணும் வரலியே."

"ஏன் சார், தேயில சாணியா மணக்கும்?" என்றார் ஜைனுலாப்தீன். "பால் மாட்டுது, கேஸ் மாட்டுது. சீனி மட்டும்தான் கடைல வாங்கினது."

சதாசிவம் குவளையோடு வெளியே போனார். படுத்திருந்த மாடுகளைப் பார்த்தார். அசைபோட்டுக்கொண்டிருந்தன. தினேஸ்வரி அவருக்குப் பின்னால் போனாள். மற்றவர்களும் போனார்கள்.

"பதினெட்டுதானா?" என்றார் சதாசிவம்.

"ஆமா சார்."

"எட்டாம் டிவிஷன்ல புல்லு முட்டி உயரம் நிக்குது. மருந்தடிக்க ஆள் கிடைக்கல." இன்னொரு வாய் குடித்தார். "பதினெட்டு பத்தாதே."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு சுரேன் ஓவென்று கத்தினான். அர்ச்சுனன் அவனைத் தூக்கினான். தூக்க முடியாமல் இருவரும் சாய்ந்தார்கள். ஜைனுலாப்தீன் டத்தோவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"போச்சு. இனி இத குடுக்க மாட்டா."

டத்தோ கழுத்தை நீட்டி ஏப்பம் விட்டது. நல்ல ஏப்பம். புல் வாடை.

தினேஸ்வரிக்கு அப்போதுதான் மூன்றாவது பானை நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடினாள். பால் பொங்கி, பானையின் கழுத்தில் இறங்கி, அடுப்பின் மேல் சோவென்று வழிந்துகொண்டிருந்தது.

நெருப்பு அணையவில்லை.